தூக்கம் எப்படி இருக்கிறது? உறக்கக் குறைபாடுகளும் அவற்றுக்கான சிகிச்சையும்

எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு 52 வயதுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்திருந்தார். மூன்று வகை மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டும் அவருடைய இரத்த அழுத்தம் 160/100-க்குக் கீழே இறங்கவில்லை. உப்பைக் குறைத்திருந்தார், புகைபிடிக்கும் பழக்கம் இல்லை, சிறுநீரகப் பரிசோதனையிலும் குறை காணப்படவில்லை. நான்காவது மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பினோம். உடன் வந்திருந்த மனைவி, கணவர் வெளியேறும் வரை கதவருகே நின்றிருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒண்ணு சொல்லலாங்களா டாக்டர்? ராத்திரி தூங்கறப்ப இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க. பயந்துபோய் தட்டி எழுப்பிடுவேன். நானும் முழுசா தூங்கி ஆறேழு வருஷம் ஆச்சு. வெளியில சொன்னா வேலைக்கு ஆபத்து வந்துடும்னு கோவிச்சுக்குறாரு."

அதுவரை நாங்கள் செய்த பரிசோதனைகள் சொல்லாத செய்தியை அந்த அம்மையார் சொல்லிவிட்டார். பசி எப்படி, மலம் எப்படி, சிறுநீர் எப்படி என்றெல்லாம் கேட்ட நாங்கள், 'தூக்கம் எப்படி இருக்கிறது?' என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கவில்லை. நோயாளிகளும் இதைத் தாமாகச் சொல்வது அரிது. தூக்கம் வராமை கவலையின் விளைவு, குறட்டை களைப்பின் அடையாளம், முதுமையில் விழித்திருப்பது இயல்பு என்று பலரும் தமக்குள்ளேயே ஒரு விடை கண்டு அமைந்துவிடுகின்றனர். இக்குறைகளுள் பெரும்பாலானவை சிகிச்சையால் சீராகக் கூடியவை. அவற்றை இனங்காண்பதற்கும், எப்போது மருத்துவரை நாடுவது என்பதை அறிவதற்கும் இக்கட்டுரை உதவும் என நம்புகிறோம். இதில் குறிப்பிடப்படும் நோயாளிகளின் அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.

உறக்கத்தின்போது உடலில் நிகழ்வது

உறங்கும்போது உடல் வெறுமனே ஓய்ந்து கிடக்கிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நதேனியல் கிளைட்மனும், உறக்கத்தின் சில கட்டங்களில் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைவதைப் பதிவு செய்தனர். கனவுகள் பெரும்பாலும் அக்கட்டத்தில்தான் நிகழ்கின்றன. அதன்பின் நடந்த ஆய்வுகள், உறக்கம் ஒரே சீராக அமைவதில்லை என்பதையும், அது சுற்றுச் சுற்றாக நடப்பது என்பதையும் உறுதி செய்தன.

ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடங்கள் நீடிக்கும். ஓர் இரவில் நான்கு முதல் ஆறு சுற்றுகள் அமையும். இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. பிற்பகுதியில் கனவுறக்கம் மிகுதி. ஆழ்ந்த உறக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது, இதயத்துடிப்பு தணிகிறது, பகலில் இருப்பதைவிட இரத்த அழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு வரை குறைகிறது. பகலில் கற்றவை நினைவில் பதிவதும் உறக்கத்தின்போதுதான். இச்சுற்றுகள் மீண்டும் மீண்டும் முறியுமானால், படுக்கையில் எட்டு மணி நேரம் கழித்தவரும் களைப்புடனேயே எழுவார்.

உறக்கத்தை வரவழைப்பவை இரண்டு. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் சேரும் உறக்க அழுத்தம். அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்வது இதற்கு ஒரு காரணம். காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் இந்த அடினோசினைச் செயல்படாமல் தடுப்பதால்தான் அவை தூக்கத்தைக் கலைக்கின்றன. மற்றொன்று, மூளையின் உள்ளே இயங்கும் 24 மணி நேரக் கடிகாரம். காலை வெளிச்சமே அதற்குச் சாவி கொடுக்கிறது. இக்கடிகாரம் உயிரணுக்களில் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வயது வந்தோருக்கு இரவில் 7 மணி நேரமேனும் உறக்கம் தேவை. முதியவர்களுக்கும் தேவை பெரிதாகக் குறைவதில்லை. உறக்கத்தின் ஆழமே குறைகிறது. கடிகாரமும் முன்னோக்கி நகர்கிறது. இரவு 8 மணிக்குப் படுத்து அதிகாலை 3 மணிக்கு விழிக்கும் பெரியவர், 'பாதி ராத்திரியிலேயே முழிப்பு வந்துவிடுகிறது' என்று வருந்துகிறார். கணக்கிட்டுப் பார்த்தால் அவர் 7 மணி நேரம் உறங்கிவிட்டார். அவருக்கு மாத்திரை தேவையில்லை. மாலை வெயிலில் சற்று நடந்து, படுக்கும் நேரத்தை 10 மணிக்கு நகர்த்தினால் போதும்.

தூக்கமின்மை

படுத்தும் உறக்கம் வராதிருத்தல், இடையில் விழித்துக்கொண்டு மீண்டும் உறங்க இயலாதிருத்தல், விடியுமுன் விழித்துவிடுதல் ஆகிய மூன்றும் தூக்கமின்மையின் வடிவங்கள். தேர்வு, திருமணம், துக்கம், அறுவைச் சிகிச்சை போன்ற சூழல்களில் சில நாள்கள் தூக்கம் கெடுவது இயல்பு. வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று மாதங்களுக்கு மேல் இந்நிலை நீடித்து, பகல் வேலைகளையும் பாதித்தால் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்கிறோம்.

தொடங்கிவைத்த காரணம் நீங்கிய பிறகும் தூக்கமின்மை நீடிப்பது ஏன்? இரவெல்லாம் உறங்காதவர், அதை ஈடுகட்ட 9 மணிக்கே படுக்கச் செல்கிறார்; பகலில் இரண்டு மணி நேரம் படுக்கிறார்; கண் விழித்த போதெல்லாம் கடிகாரத்தைப் பார்க்கிறார். உறக்க அழுத்தம் சேராமல் போகிறது. புரண்டு புரண்டு படுத்த இடத்தை மூளை 'விழித்திருக்கும் இடம்' என்றே பழகிக்கொள்கிறது. கூடத்தில் தொலைக்காட்சி முன் கண்ணயர்ந்தவர், படுக்கைக்குச் சென்றதும் முழுதாக விழித்துக்கொள்வது இதனால்தான்.

இதைச் சரிசெய்ய மருந்தில்லா முறையே முதல் சிகிச்சை. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே வலியுறுத்தியது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் இம்முறையின் முக்கியக் கூறுகள் இவை:

முதலாவது, உறக்கக் குறிப்பேடு. இரண்டு வாரங்களுக்கு, படுத்த நேரம், உறங்கியிருக்கக்கூடிய நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், காப்பி, தேநீர் அருந்திய நேரம் ஆகியவற்றை நாள்தோறும் காலையில் எழுதிவைக்க வேண்டும். தோராயமாக எழுதினாலே போதும். இதற்காக இரவில் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.

இரண்டாவது, படுக்கையில் கழிக்கும் நேரத்தைக் குறைத்தல். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை படுத்திருப்பவர், குறிப்பேட்டின்படி சராசரியாக 6 மணி நேரமே உறங்குகிறார் எனில், இரவு 12 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழச் சொல்கிறோம். முதல் வாரம் கடினமாக இருக்கும். ஆனால் சிதறிக் கிடந்த உறக்கம் ஒன்றுசேரத் தொடங்கும். படுக்கையில் கழியும் நேரத்தில் 85 விழுக்காடேனும் உறக்கமாக மாறியபின், வாரத்துக்கு 15 நிமிடங்கள் வீதம் முன்னதாகப் படுக்கலாம். படுக்கை நேரத்தை 5 மணி நேரத்துக்கும் கீழே குறைக்கக் கூடாது. வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்களும் வாகனம் ஓட்டும் தொழிலில் இருப்பவர்களும் மருத்துவரின் மேற்பார்வையின்றி இதைச் செய்யவே கூடாது.

மூன்றாவது, படுக்கையை உறக்கத்துக்கு மட்டும் உரியதாக்குதல். ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகியும் உறக்கம் வரவில்லை என்று தோன்றினால், எழுந்து வேறோர் இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். கண் சொருகும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்ப வேண்டும். ஒரே இரவில் மூன்று முறை எழ நேர்ந்தாலும் பாதகமில்லை. எப்படி உறங்கியிருந்தாலும் காலையில் எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது.

நான்காவது, எண்ணங்களைச் சீர்செய்தல். 'இன்று தூங்காவிட்டால் நாளை எதுவும் ஓடாது' என்னும் அச்சமே உறக்கத்தை விரட்டுகிறது. மறுநாள் கவலைகளை மாலை 7 மணிக்கே ஒரு தாளில் எழுதி மடித்து வைப்பது பலருக்கு உதவுகிறது.

பழக்கங்களில் சில மாற்றங்களும் தேவை. காஃபினின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு அருந்திய காப்பியின் பாதி வேகம் இரவு 10 மணிக்கும் இருக்கும். எனவே தூக்கம் கெட்டவர்கள் நண்பகலுக்குப் பின் காப்பியையும் தேநீரையும் தவிர்ப்பது நன்று. மது உறக்கத்தை விரைவில் வரவழைத்து, பின்னிரவில் அதைச் சிதைத்துவிடும். பகலில் படுத்தே ஆக வேண்டுமெனில் பிற்பகல் 3 மணிக்கு முன், 20 அல்லது 30 நிமிடங்கள் போதும்.

குறட்டையும் மூச்சுத் தடையும்

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. குறுகிய பாதையில் காற்று செல்கையில் எழும் அதிர்வே குறட்டை. பாதை முற்றிலும் அடைபட்டு 10 விநாடிகளோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை உறக்க மூச்சுத் தடை என்கிறோம். ஸ்லீப் ஆப்னியா என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை திடுக்கிட்டு விழிக்கிறது. பெரிய உறுமலுடன் மூச்சு திரும்புகிறது. உறங்குபவருக்கு இது நினைவிருக்காது. அருகில் படுத்திருப்பவருக்கே தெரியும்.

ஒரு மணி நேரத்துக்கு இத்தகைய நிகழ்வுகள் 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது; 15 முதல் 30 வரை நடுத்தரமானது; 30-க்கு மேல் கடுமையானது. கடுமையான நிலையில் உள்ளவரின் உடல் இரவு முழுவதும் ஆபத்து அறிவிப்பிலேயே இருக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், பக்கவாத ஆபத்து கூடுகிறது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது.

கீழ்க்காணும் எட்டுக் கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் குறட்டை உண்டா? பகலில் அடிக்கடி களைப்போ தூக்கமோ மேலிடுகிறதா? உறக்கத்தில் மூச்சு நிற்பதை எவரேனும் கண்டிருக்கிறார்களா? இரத்த அழுத்தம் உள்ளதா? உடல் பருமன் உள்ளதா? வயது 50-ஐக் கடந்துவிட்டதா? கழுத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளதா? நீங்கள் ஆணா? மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு 'ஆம்' எனில் மருத்துவரைக் காணுங்கள். காலைத் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல் ஆகியவையும் துணை அறிகுறிகள்.

இது ஆண்களுக்கு மட்டும் உரிய நோய் அன்று. மாதவிடாய் நின்ற பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. அவர்கள் குறட்டையைச் சொல்லக் கூச்சப்பட்டு, 'அசதி' என்று மட்டும் சொல்கிறார்கள். ஒல்லியானவர்களுக்கும் தாடை அமைப்பின் காரணமாக இது வரக்கூடும். வாயைத் திறந்து உறங்கிக் குறட்டை விடும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் டான்சில், அடினாய்டு வீக்கமே காரணம். படுக்கையை நனைத்தல், வகுப்பில் கவனமின்மை போன்றவையாகவும் இது வெளிப்படும். அவர்களைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நோயை உறுதி செய்வது உறக்கப் பரிசோதனை. இரவில் வந்து தங்கி, தலை, மார்பு, கால், விரல் ஆகிய இடங்களில் உணரிகளை ஒட்டிக்கொண்டு உறங்க வேண்டும். ஊசியோ வலியோ இல்லை. தகுந்தவர்களுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய பரிசோதனையும் உண்டு.

சிகிச்சையில் முதன்மையானது சி-பேப் கருவி. 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் இதை அறிமுகப்படுத்தினர். இது ஆக்சிஜன் அளிக்கும் கருவி அன்று. மூக்கில் பொருத்திய முகமூடி வழியாக மிதமான அழுத்தத்தில் அறைக்காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. முதல் வாரத்தில் பலர் இதைக் கழற்றி வைத்துவிடுகின்றனர். பெரும்பாலும் முகமூடியின் அளவு பொருந்தாததே காரணம். மாற்றித் தர இயலும். கைவிடுமுன் எங்களிடம் சொல்லுங்கள். லேசான நிலையில் உள்ளவர்களுக்கு உடல் எடைக் குறைப்பு, பக்கவாட்டில் படுத்தல், மதுவைத் தவிர்த்தல், பல் மருத்துவர் செய்து தரும் தாடைக் கருவி ஆகியவை பயன் தரலாம்.

குறட்டை உள்ளவர் எந்த அறுவைச் சிகிச்சைக்கு வந்தாலும் அதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சி-பேப் பயன்படுத்துவோர் உள்நோயாளியாகச் சேரும்போது கருவியை உடன் கொண்டுவர வேண்டும்.

கால் குடைச்சல்

'ராத்திரி படுத்தா கால் குடையுது, ஒரு இடத்துல வைக்க முடியல' என்பது பெண்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் குறை. ஓய்வாக இருக்கும்போது தோன்றுதல், மாலையிலும் இரவிலும் மிகுதல், எழுந்து நடந்தால் தணிதல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஓய்வற்ற கால்கள் நோயாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சல் நடப்பதால் தணிவதில்லை. கெண்டைக்கால் பிடிப்பில் தசை கல்போல் இறுகும். இவை வேறு.

இரும்புச்சத்துக் குறைவு இந்நோயின் முக்கியக் காரணம். ஹீமோகுளோபின் அளவு சரியாக இருந்தாலும் இரும்பின் சேமிப்பு குறைந்திருக்கலாம். எனவே ஃபெரிட்டின் என்னும் இரத்தப் பரிசோதனையைச் செய்கிறோம். சேமிப்பு குறைவாக இருப்பின் இரும்புச்சத்து அளிப்பதே முதல் சிகிச்சை. கருவுற்ற பெண்களிடமும் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களிடமும் இது மிகுதி. சளிக்காக உட்கொள்ளும் தூக்கம் தரும் மாத்திரைகளும், வாந்திக்கான சில மருந்துகளும், மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் இதைத் தூண்டும். எனவே உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் எங்களிடம் காட்டுங்கள்.

உறக்கத்தில் கைகால்களை உதறுவதும் கூச்சலிடுவதும் கனவில் சண்டையிடுவதுபோல் அடிப்பதும் வேறொரு நோயின் அறிகுறி. ஐம்பது வயதைக் கடந்தவரிடம் இது புதிதாகத் தோன்றினால் 'கெட்ட கனவு' என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரைக் காண வேண்டும். சிலரிடம் இது பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றக்கூடும்.

இரவுப் பணி

செவிலியர், காவலாளிகள், ஆலைத் தொழிலாளர், கணினி நிறுவன ஊழியர் எனப் பலரும் உடற்கடிகாரத்துக்கு எதிராக உழைக்கின்றனர். பணி முடிந்து வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்து வெயிலைக் குறைத்துக்கொள்ளலாம். அறையை அடர்ந்த திரையால் இருட்டாக்கி, கைப்பேசியை வேறு அறையில் வைக்கலாம். வீட்டார் அந்த உறக்க நேரத்தை இரவாகவே மதித்து நடக்க வேண்டும். பகலில் உறங்குபவரை 'சும்மா படுத்திருக்கிறார்' என்று கருதிக் கடைக்கு அனுப்புவது, நள்ளிரவில் ஒருவரை எழுப்பிக் கடைக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். மெலடோனின் மாத்திரையைக் கடையில் வாங்கித் தாமே உட்கொள்வோர் பெருகி வருகின்றனர். அது உடற்கடிகாரத்துக்கு இரவு வந்துவிட்டது என்று அறிவிக்கும் ஒரு குறிப்பு மட்டுமே. தவறான நேரத்தில் உட்கொண்டால் கடிகாரம் மேலும் பிறழும்.

தூக்க மாத்திரைகளும் எங்கள் பொறுப்பும்

68 வயது அம்மையார் ஒருவர், பின்னிரவு 2 மணிக்குக் கழிவறைக்குச் செல்லும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எங்களிடம் சேர்க்கப்பட்டார். ஏழு ஆண்டுகளுக்கு முன் கணவர் மறைந்தபோது, சில நாள்களுக்கு என்று அவருக்கு அல்பிரசோலம் எழுதித் தரப்பட்டது. எத்தனை நாள்கள் என்று சீட்டில் இல்லை. நிறுத்தச் சொல்லவும் எவரும் இல்லை. ஒவ்வொரு மருத்துவரும் பழைய சீட்டில் இருந்ததைப் புதிய சீட்டில் மறுபடி எழுதினர். இடையில் இரண்டு முறை எங்களிடமும் வந்திருக்கிறார். அச்சீட்டுகளில் எங்கள் கையெழுத்தும் இருந்தது.

இம்மருந்துகள் தீயவை அல்ல. குறுகிய காலத்துக்கு, உரிய காரணத்துக்காக அளிக்கும்போது பயன் தருகின்றன. ஆனால் சில வாரங்களில் உடல் பழகிவிடுகிறது. அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. முதியவர்களிடம் தடுமாற்றம், மறதி, குழப்பம் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. மூச்சுத் தடை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தை மிகுவிக்கக் கூடும். மதுவுடனோ வலுவான வலிநிவாரணிகளுடனோ சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். அல்பிரசோலம், சோல்பிடெம் முதலிய மருந்துகள் நம் நாட்டில் எச்1 அட்டவணையில் இடம்பெற்றிருப்பதும், மருந்துக் கடைகள் அவற்றின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கி உட்கொள்ளாதீர்கள்.

நெடுநாளாக உட்கொண்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் கடும் பதற்றமும் சில வேளைகளில் வலிப்பும் வரக்கூடும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். அந்த அம்மையாருக்கு மாத்திரையை முற்றிலும் நிறுத்த ஐந்து மாதங்கள் ஆயின. இப்போது அவர் கைத்தடியுடன் நடக்கிறார். எந்தத் தூக்க மாத்திரையை எழுதினாலும் நிறுத்த வேண்டிய தேதியையும் சேர்த்தே எழுதுவது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். தேதி இல்லாத சீட்டைக் கண்டால், 'இது எத்தனை நாளைக்கு?' என்று கேட்பது உங்கள் உரிமை.

மருத்துவமனையில் தங்கியிருக்கும்போது

உள்நோயாளிகளின் உறக்கம் விளக்கு வெளிச்சத்தாலும் கருவிகளின் ஒலியாலும் கெடுகிறது. சிலவற்றை உங்கள் வேண்டுகோளால் மாற்ற இயலும். சிறுநீர் பெருக்கும் மாத்திரையையும் ஸ்டீராய்டு மாத்திரையையும் காலையில் தர இயலுமா என்று கேளுங்கள். உடல்நிலை சீராக உள்ளவருக்கு நள்ளிரவு இரத்த அழுத்தச் சோதனை தேவையா என்று செவிலியரிடம் கேட்கலாம். பகலில் சன்னல் திரையை விலக்கி வெளிச்சம் படச் செய்யுங்கள். முதியவர்களுக்கு இரவில் திடீர்க் குழப்பம் ஏற்படுவதுண்டு. இடம் தெரியாமல் பேசுவார்கள், ஊசிக்குழாயைப் பிடுங்குவார்கள். அது பைத்தியமும் அன்று, பிடிவாதமும் அன்று. உடனே செவிலியரை அழையுங்கள். மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி ஆகியவற்றைப் பகலில் அணிவித்திருப்பது இதைக் குறைக்க உதவும்.

நோயாளியுடன் தங்குவோரிடம் ஒரு வேண்டுகோள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் பத்து இரவுகள் கண்விழித்த மகள், பதினோராவது நாள் மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்துவிடுகிறாள். அது அக்கறைக் குறைவு அன்று, உறக்கக் குறைவு. இருவரேனும் முறைவைத்துத் தங்குங்கள். மூன்று இரவுகளுக்கு ஒருமுறையேனும் வீடு சென்று முழுதாக உறங்குங்கள். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பாதீர்கள். பேருந்திலோ ஆட்டோவிலோ செல்லுங்கள். உறவினர் ஒருவர் 'ஏதாவது உதவி வேண்டுமா?' என்று கேட்டால், 'ஓர் இரவு தங்குங்கள்' என்று தயங்காமல் சொல்லுங்கள்.

எப்போது வர வேண்டும்?

வாகனம் ஓட்டும்போது கண்ணயர்தல், உறக்கத்தில் மூச்சு நிற்றல், மூன்று மாத்திரைகளுக்கும் அடங்காத இரத்த அழுத்தம், தூக்கமின்மையுடன் வாழ விருப்பமில்லை என்னும் எண்ணம் ஆகியவற்றில் எதுவாயினும் காலம் தாழ்த்த வேண்டாம். கடைசியாகச் சொன்ன எண்ணம் இருந்தால் அன்றைக்கே வாருங்கள். மற்றவர்கள் இரண்டு வாரக் குறிப்பேட்டையும் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் கொண்டுவாருங்கள். இயன்றால் உங்களுடன் ஒரே அறையில் உறங்குபவரையும் அழைத்துவாருங்கள். குறட்டையைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து கொண்டுவருவதும் பெரிதும் உதவும்.

அந்த ஓட்டுநரின் பரிசோதனையில் மணிக்கு 42 முறை மூச்சுத் தடை பதிவாயிற்று. முடிவைக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், விடியற்காலை ஓட்டத்தில் இரண்டு முறை வண்டி சாலையின் நடுக்கோட்டைத் தாண்டிய பின்பே விழித்ததாகச் சொன்னார். பேருந்தில் ஆட்கள் நிறைந்திருந்தனர். அதை மனைவியிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. சிகிச்சை நிலைபெறும் வரை வண்டி ஓட்டக் கூடாது என்று தெளிவாகச் சொன்னோம். அவருக்கு நோய் இருப்பதையும், அது சிகிச்சையால் கட்டுப்படக் கூடியது என்பதையும் சான்றிதழில் எழுதினோம். டெப்போவில் வேறு பணி கிடைத்தது. முகமூடியை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது.

மூன்று மாதங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 132/84. நான்காவது மாத்திரையை நிறுத்திவிட்டோம். கருவியால் எல்லாருக்கும் இவ்வளவு குறையும் என்று உறுதி சொல்ல இயலாது. ஆனால் பகல் தூக்கம் அவரை விட்டு நீங்கியிருந்தது. மறுபரிசோதனைக்குப் பின் அவர் மீண்டும் வண்டி ஓட்டுகிறார். 'உங்களுக்குத் தூக்கம் எப்படி இருக்கிறது?' என்று இம்முறை மனைவியிடமும் கேட்டோம். "அந்த மிஷின் சத்தம் மழை பெய்யற மாதிரி இருக்குங்க. படுத்தா விடிஞ்சுதான் முழிக்கிறேன்" என்றார்.

அடுத்த முறை எந்த நோய்க்காக வந்தாலும் உங்கள் உறக்கத்தைப் பற்றி எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.